வீலில் அப்பிய பிரேக் தூளும் விடாத கறையும்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: காரைக் கழுவிய பிறகும் வீலில் மட்டும் கறை நிற்கிறது என்பதே அது. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே கொடுத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணாச்சி, எங்கள் கார் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளி நிற அலாய் வீல். முன்வீல் இரண்டிலும் பழுப்புப் புள்ளிகள் நிறைந்து, கை வைத்தால் சொரசொரவென்று இருக்கின்றன. ஷாம்பூ போட்டுத் தேய்த்தால் மேலே இருக்கும் கறுப்பு போகிறது, புள்ளிகள் போவதில்லை. பின்வீல்கள் புதிது போலவே உள்ளன. இது துருவா, அழுக்கா? எப்படி எடுப்பது?

இரண்டும்தான். ஆனால் துருப்பிடித்திருப்பது உங்கள் வீல் அன்று. அலாய் வீல் என்பது பெரும்பகுதி அலுமினியம். அது இரும்பைப் போலப் பழுப்பாகத் துருப்பிடிக்காது. வீலின் மேல் வந்து ஒட்டிய இரும்புத் துகள்களே அங்கே இருந்துகொண்டு துருப்பிடித்திருக்கின்றன. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பது தானாக விளங்கும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சக்கரம் ஏறி உரசிய இடத்தில் கட்டை நசுங்கி, தேய்ந்து, சிராய் சிராயாக உதிர்ந்து கிடக்கும். காரின் பிரேக்கிலும் நடப்பது இதுவே. வார்ப்பிரும்பால் ஆன டிஸ்க் என்ற வட்டத்தட்டு வீலோடு சுழல்கிறது. இருபுறமும் பிரேக் பேட் அதை இறுக்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பேடும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. பேடில் பிசின், கிராஃபைட், உலோக நார்கள் எனப் பலவும் கலந்திருக்கும். இப்படிக் காற்றில் எழும் துகள்களில் பெரும்பாலானவை 10 மைக்ரானுக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால், அவை எவ்வளவு நுண்ணியவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துகள்கள் சூட்டோடு வந்து வீலின் மேல்பூச்சில் படிகின்றன. பேடின் பிசினும் அவற்றோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு மழையோ பனியோ பட்டவுடன் இரும்பு துருவாகிறது. துருவாகும்போது இரும்பு தன் பழைய பருமனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. வெறுமனே ஒட்டியிருந்த துகள் இப்போது பூச்சுக்குள் ஆப்பு அடித்தது போல இறுகிவிடுகிறது. உங்கள் கைக்குத் தட்டுப்படும் சொரசொரப்பு இதுதான்.

பின்வீல்கள் சுத்தமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் முன் பிரேக்குகளின் தலையில் விழுகிறது. அதோடு நம் நாட்டில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் டிஸ்க் கிடையாது, மூடிய கிண்ணம் போன்ற டிரம்தான். டிரம்முக்குள்ளிருந்து உரசும் பிரேக் ஷூ என்ற கட்டை தேய்ந்து விழும் தூள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

இனி எடுக்கும் முறை. ஷாம்பூவால் போகாது என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். ஷாம்பூ எண்ணெய்ப்பசையையும் மண்ணையும்தான் இளக்கும்; பூச்சில் பதிந்த இரும்பின் மேல் அதற்கு ஒரு பிடியும் இல்லை. இதற்கென்றே அயர்ன் ரிமூவர் என்ற பெயரில் ஒரு திரவம், கார் பராமரிப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அமோனியம் தயோகிளைக்கோலேட் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த ஓர் உப்பு அதில் இருக்கும். முடியைச் சுருட்டவும் நிமிர்த்தவும் அழகு நிலையங்களில் பூசும் மருந்திலும் இந்த இனப் பொருள் உண்டு. அதனால்தான் இரண்டிலும் ஒரே கூமுட்டை நாற்றம். நல்ல தயாரிப்புகள் அமிலமும் அல்லாமல் காரமும் அல்லாமல் நடுநிலையை ஒட்டியிருக்கும். இரும்பைப் பிடித்துக் கரைத்து நீரோடு போகச் செய்யும். அதன் அடியில் இருக்கும் பூச்சைத் தொடாது. வாங்கும்போது, நடுநிலையானது, எல்லா வகை வீலுக்கும் ஏற்றது என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வீல் குளிர்ந்திருக்கும்போதுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். நம்மூர் வெயிலில், வண்டி ஓடாமல் நின்றாலே வீல் கொதிக்கும். காலை ஆறு மணிக்கு, வண்டியை இரவெல்லாம் நிறுத்தியிருந்த நிழலிலேயே வைத்துத் தொடங்குவது நல்லது. சூடான வீலில் தெளித்தால் மருந்து வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து, புதிதாக ஒரு கறையை உண்டாக்கிவிடும். நான்கு வீலுக்கும் ஒரே நேரத்தில் தெளித்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேய்க்கப் போவதும் இதே காரணத்தால் தவறு; ஒரு வீலை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதலில் வேகமாகத் தண்ணீரை அடித்து, ஒட்டாமல் கிடக்கும் தூளையும் மணலையும் கழித்துவிடுங்கள். பிறகு ஷாம்பூ நீரில் நனைத்த மென்மையான துணியால் கழுவுங்கள். வீலுக்கென்று ஒரு துணியும் ஒரு வாளியும் தனியாக இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: வீலைத் துடைத்த துணியை அலசிவிட்டு அதே துணியால் கதவைத் துடைத்தவர்களின் கார்களை மாலை வெயிலில் தலை சாய்த்துப் பார்த்தால், வண்டி முழுவதும் சிலந்தி வலை போல நுண்ணிய கீறல்கள் தெரியும். துணியில் சிக்கிய இரும்புத் துகள் செய்த வேலை அது.

கழுவிய நீரை வடியவிட்டு அல்லது லேசாகத் துடைத்துவிட்டு, அயர்ன் ரிமூவரை வீலின் முகம், கம்பிகளின் பக்கவாட்டு, நட்டுக் குழிகள், உட்புறம் எங்கும் படும்படி தெளியுங்கள். கையுறையும் மூக்குக்கு ஒரு முகக்கவசமும் அவசியம். ஒரு நிமிடத்தில் நிறம் மாறத் தொடங்கும். நட்டுக் குழிகளைச் சுற்றி முதலில் இளஞ்சிவப்பாகக் கசியும். பிறகு ஒவ்வொரு பழுப்புப் புள்ளியிலிருந்தும் தனித்தனியே ஒரு கோடு இறங்கும். மூன்றாவது நிமிடத்தில் வீல் முழுவதும் நாவற்பழச் சாறு வழிவது போலக் கருநீலச் சிவப்பாகிவிடும். மருந்து இரும்பைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே அடையாளம். மூன்று முதல் ஐந்து நிமிடம் விடலாம். புட்டியில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எப்படியானாலும் காயவிடக் கூடாது. இடையில் மென்மையான தூரிகையால் மெல்லக் கிளறிக் கொடுத்துவிட்டு, தாராளமான தண்ணீரில் அலசுங்கள்.

நான்கு ஆண்டுக் கறை ஒரு தடவையில் போகாது. இரண்டாவது முறை தெளியுங்கள். தேவையானால் மூன்றாவது முறையும் தெளியுங்கள். ஒவ்வொரு முறையும் வழியும் நிறம் வெளுத்துக்கொண்டே வரும். நிறம் வராமல் தெளிவாகவே வழிந்தால், மருந்து தொடக்கூடிய இரும்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஈரமான வீலின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிவதும் பைக்குள் இருக்கும் விரலுக்கு உப்புத்தாள் போலத் தெரியும். அப்படி இன்னும் தெரிகிற இடத்தில் கிளே பாரைப் பயன்படுத்தலாம். களிமண்ணைப் போன்ற அந்தக் கட்டியில் நெல்லிக்காய் அளவு கிள்ளித் தட்டையாக்கி, ஷாம்பூ நீரைத் தெளித்துக்கொண்டே அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினால், பூச்சின் மேல் துருத்திக்கொண்டிருப்பவற்றைப் பற்றி இழுத்துவிடும். கட்டியை அடிக்கடி மடித்துப் புதிய முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும். தரையில் விழுந்துவிட்டால் எடுத்து மறுபடி பயன்படுத்தக் கூடாது. வீலுக்குப் பயன்படுத்தியதை வண்டியின் உடலுக்கும் கொண்டுபோகக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு சில இடங்களில் கறுப்பு மணி மணியாக நிற்கக்கூடும். அது பிரேக் தூள் அன்று, சாலைத் தார். தார் நீக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து ஒற்றி எடுத்தால் இளகிவிடும். அதற்கும் பிறகு பழுப்பு வட்டமாக ஏதாவது நின்றால், அங்கே துரு பூச்சையே துளைத்துவிட்டது என்று பொருள். அதைக் கழுவி எடுக்க முடியாது, மறுபூச்சுதான் வழி. நான்கு ஆண்டு வண்டியில் அந்த நிலை வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சுத்தமான வீலை அப்படியே விட்டுவிடாமல், நன்றாகத் துடைத்து உலர்த்தி, வீலுக்கென்று விற்கும் சீலன்ட் என்ற காப்புப் பூச்சையோ நல்ல வாக்ஸையோ மெல்லிய படலமாகப் பூசுங்கள். புதிதாக வரும் தூள் அந்தப் படலத்தின் மேல்தான் படியும். அடுத்த முறை வெறும் ஷாம்பூவிலேயே போகும். பத்து நாளைக்கு ஒருமுறை வீலை மட்டுமாவது கழுவி வந்தால், அயர்ன் ரிமூவரை ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்தாலே போதுமானது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி: வீட்டில் குத்துவிளக்கையும் செப்புப் பானையையும் புளி போட்டுத் துலக்குகிறோம். அதே போல வீலையும் துலக்கலாமா என்று கேட்டால், என் மகன் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டே போதும், ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறான். எது சரி?

சகோதரி, இரண்டும் வேண்டாம். ஆனால் இரண்டும் ஒரே அளவு தவறு அல்ல. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையிலும் செம்பிலும் படரும் ஆக்சைடு படலத்தைக் கரைக்கிறது. அந்தப் பாத்திரங்களின் மேல் வேறு பூச்சு எதுவும் இல்லாததால், நீங்கள் துலக்குவது உலோகத்தையே. அலாய் வீலிலோ உங்கள் கை தொடுவது உலோகத்தை அன்று, அதன் மேல் இருக்கும் பெயிண்டையும் அதற்கும் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற கிளியர் கோட்டையும்தான். ஒரு தலைமுடித் தடிமன் அளவே இருக்கும் அந்தப் பூச்சின் மேல் புளிச்சக்கையை வைத்துத் தேய்த்தால், உதிர்ந்த இரும்புத் தூள் சக்கையில் சிக்கி, உப்புத்தாள் போட்டது போல ஆகிவிடும். பதிந்த இரும்பைக் கரைக்கும் வலிமையும் புளிக்கு இல்லை. தேங்காய் நார், சாம்பல், பாத்திரம் விளக்கும் கம்பி நார் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

உங்கள் மகன் சொல்வதுதான் அச்சமூட்டுகிறது. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் வகைகளில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புட்டியில் அடைத்து விற்கும் சாதாரண வகையிலேயே அது சுமார் 10 சதவீதம் இருக்கும். பூச்சில் கல் பட்டுச் சிறு தெறிப்பு விழாத வீல் நம் சாலைகளில் கிடையாது. அந்தத் தெறிப்பின் வழியே அமிலம் உள்ளே இறங்கினால் அலுமினியத்தை அரிக்கும். நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு எழும். பூச்சு அடியிலிருந்து கழன்று வரும். வீலின் நட்டுகளும் டிஸ்க்கும், பேடைப் பிடித்து அழுத்தும் கேலிப்பரும் பக்கத்திலேயே இருக்கின்றன; அவை பெரும்பாலும் இரும்பு. அமிலம் பட்ட இரும்பு மறுநாளே செந்துருப் பூத்து நிற்கும். இதற்கு மாற்று என்று சிலர் காஸ்டிக் சோடாவை நாடுகிறார்கள். அலுமினியம் அமிலத்தில் அரிப்பது போலவே காரத்திலும் அரியும் உலோகம் என்பதால் அதுவும் கேடுதான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் முதல் அலாய் வீல் வண்டியை ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டிருந்தேன். அங்கிருந்த தம்பி, பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாத ஒரு வெள்ளைக் கேனிலிருந்து எதையோ வீல்களுக்குத் தெளித்தார். தேய்க்காமலேயே கறை எல்லாம் வழிந்து ஓடியது. எனக்கும் மனம் நிறைந்துதான் போயிற்று. இரண்டு வாரத்தில் நான்கு வீலும் நீர்த்த சுண்ணாம்பைப் பூசியது போல மங்கிவிட்டன. எத்தனை பாலிஷ் போட்டும் அந்தப் பளபளப்பு திரும்பவில்லை. கடைசியில் நான்கையும் உரித்து மறுபூச்சுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல், என்ன தெளிக்கிறீர்கள் என்று கேட்டுப் புட்டியைப் பார்க்காமல் என் வண்டியை எங்கும் நான் விடுவதில்லை.

அத்தகைய வேக மருந்துகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ இருப்பதுண்டு. வீலுக்கு நேரும் கேடு ஒருபுறம் இருக்கட்டும். தெளிக்கிறவரின் உயிரே அதில் இருக்கிறது. மற்ற அமிலங்களைப் போல இது பட்டவுடன் எரியாமல் இருக்கலாம்; தோலுக்குள் சத்தமின்றி இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கு கழித்து வலியாக வெளிப்படும். பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனடியாக நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. இதற்குக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கொண்டு முதலுதவி செய்வார்கள். உங்கள் மகனிடம் இதை அவசியம் படித்துக் காட்டுங்கள்.

திசையன்விளையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பக்கம் தேரிமண். ஆடிக் காற்றில் வண்டி முழுவதும் செம்மண் படிந்துவிடுகிறது. வீலில் இருக்கும் சிவப்பு தேரிமண்ணா, பிரேக் துருவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேலும், பளபளவென்று சீவிவிட்டது போன்ற முகம் கொண்ட என் வீலில், பூச்சுக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள் விழுந்திருக்கின்றன.

தேரிமண் சிவப்பாக இருப்பதற்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம் என்பதால் உங்கள் குழப்பம் நியாயமானதே. ஆனால் மண் வெறுமனே படிந்து கிடக்கும். தண்ணீரை வேகமாக அடித்தால் இறங்கிவிடும். பிரேக் துரு அடித்தாலும் நிற்கும். முன்வீலில் அதிகமாகவும் பின்வீலில் குறைவாகவும் இருக்கும். மண் எந்த வீலையும் பார்த்துப் படிவதில்லை. தேரி மணலைத் தண்ணீர் அடித்துக் கழிக்காமல் துணி போட்டுத் துடைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அது மணல் என்பதை மறக்கக் கூடாது.

அந்த வெள்ளைக் கோடுகள் வேறு நோய். நீங்கள் சொல்வது டைமண்ட் கட் என்ற வகை வீல். அலுமினியத்தின் முகத்தைக் கடைசல் இயந்திரத்தில் சீவி, அதன் மேல் லாக்கர் என்ற நிறமற்ற பூச்சை மட்டும் பூசியிருப்பார்கள். கல் தெறித்து லாக்கரில் ஓட்டை விழுந்தால், அதன் வழியே ஈரமும் உப்பும் நுழைந்து, லாக்கருக்கு அடியிலேயே நூல் நூலாக அரித்துக்கொண்டு போகும். கடற்காற்று வீசும் உங்கள் ஊரிலும், உவரி, கூடங்குளம் பக்கங்களிலும் இது விரைந்து பரவும். எந்த மருந்தாலும் இதைக் கழுவி எடுக்க முடியாது. லாக்கரை உரித்து, முகத்தை மறுபடி மெல்லச் சீவி, புதிதாக லாக்கர் பூச வேண்டும். ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகம் குறைவதால் இதை நினைத்தபோதெல்லாம் செய்ய இயலாது. ஆகவே புதிய தெறிப்பு விழுந்தால் அன்றைக்கே உலர்த்தி, அதன் மேல் ஒரு துளி கிளியர் லாக்கரைத் தொட்டு வைத்துவிடுங்கள். கடற்கரைக்குப் போய்த் திரும்பினால் அன்று இரவே நல்ல தண்ணீரில் வீலை அலசிவிடுங்கள். உங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்காவது குடிதண்ணீர் ஒரு வாளி எடுத்துக்கொண்டு, காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டுகள் நிற்கும்.

திருநெல்வேலி டவுனிலிருந்து, வாடகைக் கார் ஓட்டும் ஒரு வாசகர்: பாபநாசம், காரையார் என்று அடிக்கடி மலைச்சாலையில் போய் வருகிறேன். மற்ற வீல்களைக் காட்டிலும் இடப்பக்க முன்வீலில் மட்டும் தூள் மூன்று மடங்கு படிகிறது. இன்று கழுவினால் நாளை கறுப்பு. நல்ல மருந்தாக ஒன்று சொல்லுங்கள்.

தம்பி, உங்களுக்கு மருந்து சொல்ல மாட்டேன். வண்டியை நாளைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். இரண்டு முன்வீலிலும் ஏறத்தாழ ஒரே அளவு தூள் படிவதே இயல்பு. ஒன்றில் மட்டும் கூடுதலாகப் படிந்தால், நீங்கள் பெடலை விட்ட பிறகும் அந்தப் பக்கத்துப் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். கேலிப்பரை நகரவிடும் சிறு தண்டு மசகு வற்றி இறுகியிருக்கலாம். பேடைத் தள்ளும் பிஸ்டன் துருவேறித் திரும்பாமல் நிற்கலாம். கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு வீலுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். அந்த ஒரு வீல் மட்டும் அனலாக வீசினால், அல்லது கருகிய வாடை வந்தால், அல்லது சமதளத்தில் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தால், சந்தேகத்துக்கு இடமே இல்லை. இந்த நிலையில் மலையிறங்குவது உயிரோடு விளையாடுவது.

அந்தக் குறை சரியான பிறகும் ஒன்றைக் கவனியுங்கள். மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு 300 டிகிரியைத் தாண்டக்கூடும். தூளும் பெருகும், பேடின் பிடியும் தளரும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது பழைய ஓட்டுநர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம். வேகத்தை என்ஜினே தடுத்துக்கொள்ளும். பிரேக்கை இடையிடையே தொட்டுவிட்டாலே போதும். இறங்கி வந்தவுடன், அந்தச் சூட்டோடு வீலில் தண்ணீர் அடிக்காதீர்கள். டிஸ்க் கோணிப்போக அது ஒரு காரணமாகலாம். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

தூள் குறைவாக வரும் செராமிக் பேட்கள் கிடைக்கின்றன என்பது உண்மைதான். உங்கள் வண்டி மாடலுக்கு என்று தயாரித்தது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். வீல் அழகுக்காகப் பெயர் தெரியாத மலிவுப் பேடைப் போடுவதைவிடக் கறுத்த வீலோடு ஓடுவது எவ்வளவோ மேல்.

முக்கூடலிலிருந்து ஒரு வாசகர்: என் காரில் அலாய் வீல் இல்லை, சாதாரண இரும்பு வீலும் பிளாஸ்டிக் வீல் கப்பும்தான். நான் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டுமா?

கப்பைக் கழற்றித் தனியாக ஷாம்பூ நீரில் ஊறவைத்துக் கழுவிக்கொள்ளலாம். இரும்பு வீலில் பெயிண்ட் உரிந்த இடம் இருந்தால் அங்கே அயர்ன் ரிமூவரை நெடுநேரம் விடாதீர்கள்; வீலும் இரும்பு என்பதால் மருந்து அதன் மேலும் வேலை செய்யும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் கொடுத்து, கறுப்பு அல்லது வெள்ளி பெயிண்டால் மூடிவிடுங்கள். டயர்களை இடம் மாற்றும்போது வீல் கழன்றுதான் இருக்கும்; எல்லா வகை வீலிலும் தூள் அதிகம் தேங்கும் உட்புறத்தை அந்த வேளையில் கழுவிவிடுவது மிக எளிது. வீல் அதிராமல் சுழல உள்ளே ஒட்டியிருக்கும் பேலன்சிங் வெயிட் என்ற சிறு எடையை அழுக்கென்று நினைத்து நெம்பிவிட வேண்டாம். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை சரிபாருங்கள். பிரேக் பகுதியில் கிடக்கும் தூளைக் காற்றுக் குழாய் வைத்து ஊதவிடவும் கூடாது. பழைய வகைப் பேடுகளிலும் ஷூக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ந்திருந்தது. எந்தத் தூளானாலும் நுரையீரலுக்குப் போக வேண்டியதில்லை, ஈரத் துணியால் எடுத்துவிடலாம்.

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகர்: ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் இறக்கிக் காரைக் கழுவுவது எங்கள் பழக்கம். அயர்ன் ரிமூவர் அடித்து அங்கேயே அலசலாமா? ஓடுகிற தண்ணீர்தானே.

கூடாது. அயர்ன் ரிமூவர் இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவுவதானாலும் ஆற்றில் கூடாது. அந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. வீலிலிருந்து இறங்குவது மண் மட்டும் அன்று; பிரேக் பேடுகள் பலவற்றில் செம்பும் கலந்திருக்கிறது. மிகச் சிறிய அளவுச் செம்பே நீரில் மீன்களின் மோப்ப உணர்வைக் குலைத்துவிடும். இதற்காகவே அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2010-இல் ஒரு சட்டம் இயற்றி, 2021 முதல் பேடில் செம்பு 5 சதவீதத்துக்கு மேலும், 2025 முதல் 0.5 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. பெயரிலேயே தாமிரத்தைக் கொண்ட நம் தாமிரபரணி ஆற்றில், வண்டிகளின் தாமிரத்தையும் நாம் கொண்டுபோய்க் கரைக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில், மண்தரையில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி நிறுத்திக் கழுவுங்கள். கழிவுநீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் வசதியுள்ள வாட்டர் சர்வீஸ் அருகில் இருந்தால் அது இன்னும் நல்லது. ஒரு வீலுக்கு இரண்டு வாளித் தண்ணீர் போதும்.

வள்ளியூரிலிருந்து, மின்சாரக் கார் வைத்திருக்கும் ஒரு வாசகி: எங்கள் வண்டியில் வீல்கள் எப்போதும் சுத்தமாகவே இருக்கின்றன. ஆனால் கழுவிய மறுநாள் காலையில், வீலின் இடைவெளியில் தெரியும் டிஸ்க் முழுவதும் செம்மஞ்சளாகத் துருப்பிடித்திருக்கிறது. வண்டியை எடுத்தால் கரகரவென்று சத்தம் கேட்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம் அம்மா. மின்சாரக் காரில் நீங்கள் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேடுக்கு வேலை குறைவு. அதனால் தூளும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 என்ற வாகன மாசு விதியில் பிரேக் தூளுக்கு முதன்முறையாக வரம்பு விதித்தபோது, பெட்ரோல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்றும், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம் என்றும் வைத்தது இந்த வேறுபாட்டை எண்ணித்தான்.

டிஸ்க்கின் மேல் நீங்கள் காண்பது ஓர் இரவில் படரும் மெல்லிய துரு. வார்ப்பிரும்புக்குப் பெயிண்ட் பூச முடியாது. பூசினால் பேட் பிடிக்காது. எந்தக் காரிலும் இது நடக்கும். பிரேக் அடிக்கடி உரசாத உங்கள் வண்டியில் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. அதைத் துடைக்கிறேன் என்று எண்ணெயோ மண்ணெண்ணெயோ டிஸ்க்கில் தடவிவிடாதீர்கள். பேட் அதை உறிஞ்சிக்கொண்டால் பிரேக் பிடிக்காமலே போகும். கழுவி முடித்தவுடன் நிறுத்திவிடாமல் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை மெல்ல நான்கைந்து முறை மிதித்து, டிஸ்க்கில் உள்ள ஈரத்தை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். மறந்து நிறுத்திவிட்டால், மறுநாள் காலை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கைச் சில முறை உறுதியாக மிதியுங்கள். மூன்றாவது, நான்காவது மிதியிலேயே அந்தக் கரகரப்பு நின்று, டிஸ்க்கின் முகம் வெள்ளி போல வெளுத்திருக்கும்.